சொல்லி அடித்த கத்தி யாருக்குச் சொந்தம்?

தன் கைக்கென்று அளவு சொல்லி ஒரு கத்தி செய்து வைத்துக்கொள்வது சரியா தப்பா என்று யாரும் கேட்பதில்லை. காசு இருக்கிறவன் செய்யச் சொல்கிறான், வைத்துக்கொள்கிறான், அவ்வளவுதானே என்பார்கள். ஆனால் இந்த நாட்டில் எந்தப் பொருள் எந்தக் கையில் இருக்கலாம் என்பதைக் காசு மட்டும் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. குடை, செருப்பு, செம்புக் குடம், மீசை, மோட்டார் சைக்கிள் என்று எதை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு அடிதடி இருக்கிறது. கத்திக்குப் பின்னால் இல்லாமல் இருக்குமா?

நான் பேசப்போவது சண்டைக் கத்தியைப் பற்றி அல்ல. மீன் அறுக்கிற கத்தியைப் பற்றி. தூண்டில் போடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு ‘ஃபில்லட் கத்தி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறிலிருந்து ஒன்பது அங்குலம் நீளம். அகலம் ஒரு விரலுக்கு மேல் போகாது. வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு. அலகைத் திருப்பி நடுமுள்ளின் மேல் படியவிட்டு வால்வரைக்கும் ஒரே இழுப்பு. முள் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். பிறகு தோலைக் கீழே வைத்து, தோலுக்கும் சதைக்கும் நடுவே அலகைப் படுக்கவைத்துத் தள்ளினால் தோல் தனியாக வந்துவிடும். அலகு விறைப்பாக இருந்தால் முள்ளில் சதை தங்கிப்போகும். கொழகொழவென்று இருந்தால் வெட்டு கோணிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதம் இரும்பைக் காய்ச்சுகிறவன் கையில் இருக்கிறது.

பெரிய தொழிற்சாலைகளில் செய்தது கடையில் கிடைக்கும். அது போதாது என்று நினைக்கிறவர்கள் தனியாகச் செய்பவரிடம் சொல்லி வைப்பார்கள். உள்ளங்கை அளவைக் கோடு போட்டு அனுப்புவார்கள். என்ன எஃகு, என்ன மரம், உறைக்கு என்ன தோல் என்று தேர்ந்தெடுப்பார்கள். மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். வந்த பிறகு ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். ‘கையால் செய்தது’ என்பதற்காகவே கூடுதல் விலை. அந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. ஒரு கருவி நம் கைக்குச் சரியாக உட்காரும்போது வருகிற சந்தோஷம் உண்மையான சந்தோஷம். என் கேள்வி எல்லாம், அந்தச் சந்தோஷம் யாருக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான்.

*

எங்கள் பக்கம் மீனைச் சதையாக உரிப்பதில்லை. முள்ளோடு துண்டு போடுவதுதான் வழக்கம். முள்ளில்தான் ருசி. கண்மாயில் தண்ணீர் வற்றும்போது விரால், கெளுத்தி, குரவை, கெண்டை என்று வரும். விராலுக்கு வழவழப்பு போக அடுப்புச் சாம்பலைப் போட்டுக் கல்லில் தேய்க்க வேண்டும். கெளுத்தியின் முள் குத்தினால் இரவெல்லாம் கடுக்கும். இதையெல்லாம் செய்வது பெண்கள். கருவி அருவாமனை. அருவாமனையில் அலகு அசையாது, மீன்தான் அசையும். குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு காலால் பலகையை மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மீனைப் பிடித்து அலகில் கொடுப்பாள். அந்த அருவாமனை அவளுடையது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது வீட்டோடது. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வேலையோடு சேர்ந்து வருவது. ‘இது என் கைக்குச் செய்தது’ என்று சொல்கிற பெருமை அவளுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆண்டை வீட்டில் மட்டுமா உரிமை மறுக்கப்பட்டது? நம் வீட்டு அடுப்படியிலும்தான்.

கத்தி அப்படியல்ல. கத்தி ஒரு கைக்குச் சொந்தமாகிற பொருள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் சித்தப்பா லாரியில் கிளீனராக ஓடினார். உடைந்துபோன ஸ்பிரிங் பட்டை ஒன்று அவருக்குக் கிடைத்தது. நல்ல கத்திக்கு லாரிப் பட்டைதான் இரும்பு என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். “ஆசாரி, மீன் அறுக்க ஒரு கத்தி வேணும். ஏழு அங்குலம். மெலிசா, வளையணும்” என்றார். ஆசாரி வேலை தெரிந்தவர். பிடி போட வேண்டுமே, கை அளவு வேண்டுமே. ஒரு களிமண் உருண்டையைக் கீழே வைத்து, “இதை அமுக்கிப் புடிச்சு வச்சுட்டுப் போ” என்றார். சித்தப்பாவின் விரல்கள் பதிந்த அந்த மண்ணைப் பார்த்துத்தான் கருவேலங்கட்டையில் பிடி செதுக்கினார். தொடாமல் எடுத்த அளவு. ஆனால் அளவு கச்சிதம்.

நாலு நாள் கழித்துப் போனபோது துவைச்சல் போட்டு, சாணை பிடித்து, பூண் மாட்டித் தயாராக இருந்தது. ஆசாரி அதைத் தரையில் வைத்தார். சித்தப்பா எடுத்துக்கொண்டார். காசைத் தரையில் வைத்தார். ஆசாரி தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டார்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சண்டை வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால்தான் தரையில் வைத்தார் என்று சொல்லலாம். ஆனால் அதே ஆசாரி ஊர்க்காரர் வீட்டு அரிவாளை இரண்டு கையிலும் ஏந்திக் கொடுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காசுக்கு எதற்குத் தண்ணீர்? காசைக் கைக்குக் கை கொடுத்தால் என்ன சண்டை வரும்? தீட்டுக்கு எப்போதும் இப்படி ஒரு மறைப்பு கிடைத்துவிடும். சாஸ்திரம், சகுனம், சுத்தம், சுகாதாரம் என்று பெயர் மட்டும் மாறும்.

கத்தி வந்த மறுநாளே கேள்வி வந்தது. “ஏண்டா, உங்க வீட்ல அருவாமனை இல்லையா? ஒனக்கு எதுக்குடா தனியா கத்தி?” இந்தக் கேள்வியை நன்றாகக் கவனிக்க வேண்டும். கத்தியால் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை. உனக்கு எதற்கு என்று கேட்டார்கள். வேலைக்குக் கருவி வேண்டும் என்றால் ஊர் கொடுக்கும். அறுப்புக்கு அரிவாள், வெட்டுக்கு மண்வெட்டி, செத்த மாட்டுக்குச் சூரி. வேலை முடிந்தால் திருப்பி வைத்துவிட வேண்டும். ஊருக்கு உதவாத ஒரு வேலைக்கு, தன் வீட்டு மீனை அறுப்பதற்கு, தன் கையளவுக்கு ஒரு கத்தி. அதுதான் பொறுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து கண்மாய் மீன்பாசி ஏலத்தில் தகராறு வந்தது. எங்கள் தெருவும் ஏலம் கேட்கும் என்று சொன்னதுதான் தகராறு. காவல்துறை வந்து எங்கள் தெருவில் மட்டும் வீடு வீடாகச் சோதனை போட்டது. சித்தப்பாவின் கத்தி ‘பயங்கர ஆயுதம்’ என்று காகிதத்தில் ஏறியது. அதன் அலகில் விரால் செதில் ஒட்டியிருந்தது. கத்தி திரும்பி வரவே இல்லை.

*

சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளையும் வாள்களையும் ஆயுதம் என்கின்றன. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அறிவியலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு. 7 அங்குல மீன் கத்தி எந்தக் கணக்கிலும் ஆயுதம் ஆகாது. ஆனால் சட்டம் அளந்தது அலகை. தெருவுக்கு வந்தவர்கள் அளந்தது பிடித்திருந்த கையை. ‘எதற்காகச் செய்யப்பட்டது’ என்று சட்டம் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற உரிமை கத்தியை வைத்திருப்பவனுக்கு இல்லை. அவனைப் பார்க்கிறவனிடம் இருக்கிறது.

இது புதிதாக வந்ததும் அல்ல. மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்க்கு என்னென்ன சொத்து என்று பட்டியல் போடுகிறது. நாயும் கழுதையும் செல்வம். பிணத்தின் துணி உடை. உடைந்த பாத்திரம் சாப்பிட. நகை போட வேண்டுமானால் இரும்பில் போட்டுக்கொள். பொன்னும் வெள்ளியும் வேண்டாம். இரும்பை அணிகலனாகச் சுமக்கலாமாம். அது பெருமைக்கல்ல, பார்த்த உடனே அடையாளம் தெரிவதற்கு. உலகத்தில் எல்லோரும் கருவி செய்கிற உலோகத்தை இவனுக்கு மட்டும் முத்திரையாக மாற்றிவிட்டார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. குடையும் செருப்பும் கூடாது. அடுத்த வருஷம் அது பதினொன்றானது. ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்று புரிகிறது. ஏழையாக இரு என்பது மட்டும் கட்டளை அல்ல. நல்ல பொருள் ஒன்றை உன்னுடையது என்று சொல்லாதே என்பதுதான் கட்டளை. “ஒனக்கு எதுக்குடா தனியா கத்தி?” என்ற கேள்வி அந்தப் பட்டியலில் எழுதாமல் விட்ட ஒரு வரி.

1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த அரிவாள்கள் பட்டறையில் அடிக்கப்பட்டபோது, ‘இது உனக்கு எதற்கு’ என்று யாராவது கேட்டிருப்பார்களா?

*

கத்திக்கும் தீட்டுக்கும் உள்ள உறவு நம் நாட்டோடு முடிந்துவிடவில்லை. ஜப்பானைப் பார்க்கலாம். மீன் கத்தியை அவர்களைப் போலக் கொண்டாடியவர்கள் இல்லை. ஒசாகாவுக்குப் பக்கத்தில் சக்காய் என்ற ஊரில் அடிக்கிற கத்திகளைச் சமையல்காரர்கள் தங்கள் உயிரைப்போல வைத்துக்கொள்வார்கள். ஒருவர் கத்தியை இன்னொருவர் தொடுவது மரியாதை அல்ல. பழைய அரசவைச் சடங்கு ஒன்று உண்டு. சமையல்காரர் நீண்ட அங்கியும் தொப்பியும் அணிந்து, ஒரு கையில் கத்தியும் மறுகையில் உலோகக் குச்சிகளும் வைத்துக்கொண்டு, மீனைக் கையாலே தொடாமல் அறுத்து அடுக்குவார். கூட்டம் பயபக்தியோடு பார்க்கும்.

அதே நாட்டில் மாட்டை அறுத்தவர்கள், தோலைப் பதப்படுத்தியவர்கள், பிணம் எடுத்தவர்கள் தீண்டத்தகாதவர்கள் ஆனார்கள். புராக்குமின் என்று இன்று அறியப்படுகிற மக்கள் அவர்களின் வழிவந்தவர்கள். 1871இல் அரசாணை போட்டு அந்த இழிபெயரை நீக்கினார்கள். பெயர் போனது, பார்வை போகவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் அவர்களே கூடி ‘சமநிலைச் சங்கம்’ என்று அர்த்தப்படும் சுய்ஹெய்ஷாவைத் தொடங்கினார்கள். இன்றும் கல்யாணத்துக்கும் வேலைக்கும் பூர்வீக முகவரியைத் துருவிப் பார்க்கிறவர்கள் அங்கே உண்டு.

ஒரே நாடு, ஒரே உலோகம், ஒரே கூர்மை. மீனை அறுத்தவன் கலைஞன், மாட்டை அறுத்தவன் தீட்டு. திறமையில் என்ன குறை? தோலில் ஓட்டை விழாமல் மாட்டை உரிப்பது மீனைச் சதை பிரிப்பதைவிட லேசான வேலையா? இரண்டிலும் அலகு எங்கே நிற்க வேண்டும் என்று கைக்குத் தெரிய வேண்டும். அப்படியானால் மரியாதை கத்தியிலிருந்து வரவில்லை, திறமையிலிருந்தும் வரவில்லை. யார் கை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகுதான் அந்தக் கையின் வேலைக்கு மரியாதையா இழிவா என்று தீர்மானிக்கிறார்கள். சாதி என்பது தொழிலைப் பிரிப்பது அல்ல, தொழிலாளிகளைப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதன் சாரம் இதுதான்.

நம் ஊர் மீன் சந்தையில் பாருங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மீன் அறுத்துக் கொடுக்கிறவர்கள் ஒரு காலையில் எத்தனை மீனைப் பிரிக்கிறார்கள்! ஒரு வெட்டு வீணாகாது. அதற்குக் கைவண்ணம் என்று யாராவது சொல்வார்களா? மூக்கைப் பொத்திக்கொண்டு பையை நீட்டுவார்கள். அதே வேலையை விடுமுறைக்கு ஏரிக்கரைக்குப் போனவர் விலை உயர்ந்த கத்தியால் செய்தால் போட்டோ எடுக்கிறார்கள். உறைக்கு நல்ல தோல் வேண்டும், தோல் செய்தவன் பக்கத்தில் உட்காரக் கூடாது.

*

சரி, அப்படியானால் தீர்வு, நம் கையிலும் ஒரு கத்தியைக் கொடுத்துவிடுவதா?

ஒரு மதம் அதைச் செய்து பார்த்தது. 1675இல் டெல்லியில் குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்டபோது, அந்தத் தலையை ஆனந்தபூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பாயி ஜைதா. தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்ட சாதியில் பிறந்தவர். 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவியபோது கிர்பான் எல்லோருக்கும் ஆனது. நம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கிர்பான் வைத்துக்கொள்வது சீக்கிய மதத்தில் அடங்கியது என்று விளக்கம் கொடுக்கிறது. இரும்பை இழிவின் அடையாளமாகச் சுமக்கச் சொன்ன நாட்டில், இரும்பைக் கண்ணியத்தின் அடையாளமாக இடுப்பில் கட்டியது சாதாரணக் காரியமில்லை. அதை மதிக்க வேண்டும்.

ஆனால் பஞ்சாப் கிராமங்களில் இன்றும் மஜ்பி சீக்கியர்களுக்குத் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு இருக்கிற ஊர்கள் உண்டு. நிலம் ஜாட்டுகளிடம். இடுப்பில் கிர்பான் இருக்கிறது, காலுக்குக் கீழே நிலம் இல்லை. ஆகவே கத்தியை வைத்திருப்பது மட்டும் விடுதலை ஆகாது.

அப்படியானால் கத்தியைத் தூக்கி எறிவதா? பறையை அடிப்பதா விடுவதா என்று தொண்ணூறுகளில் நமக்குள் நடந்த விவாதம் ஞாபகம் இருக்கும். சாவுக்கு அடிக்கிற பறை இழிவு, கொளுத்து என்றார்கள் ஒரு பக்கம். பறை நம் கலை, நம் ஆயுதம், மேடையில் அடி என்றார்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் கேள்வி பறையைப் பற்றியதே அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ‘இன்றைக்கு அடிக்க மாட்டேன்’ என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. சொல்ல முடிந்தவன் அடித்தால் கலை. சொல்ல முடியாதவன் அடித்தால் அடிமைவேலை. தோல் ஒன்றுதான், தாளம் ஒன்றுதான்.

கத்திக்கும் இதுவேதான் அளவுகோல். ஒரு கருவி எனக்குச் சொந்தம் என்றால், அதை எடுக்கிற உரிமையோடு கீழே வைக்கிற உரிமையும் எனக்கு இருக்க வேண்டும். எதை அறுப்பது, யாருக்காக அறுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். கீழே வைக்க முடியாதவனுக்குக் கத்தி சொந்தமில்லை. கத்திக்குத்தான் அவன் சொந்தம்.

1927 மார்ச்சில் மகாதில் அம்பேத்கர் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்க அழைத்தது எல்லோருக்கும் தெரியும். அதே மாநாட்டில் செத்த மாட்டு இறைச்சியை விடச் சொன்னதும் அதே அளவுக்கு முக்கியம். ஒன்று எடுக்கிற உரிமை, மற்றது விடுகிற உரிமை. இரண்டும் ஒரே போராட்டம். 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். காலங்காலமாக ‘இது உன் வேலை, செய்’ என்று கத்தியைத் திணித்தவர்களே, ‘ஏன் செய்தாய்’ என்று அடித்தார்கள். அதற்கு மக்கள் என்ன பதில் சொன்னார்கள்? கத்தியைக் கீழே வைத்தார்கள். சுரேந்திரநகரில் ஆட்சியர் அலுவலகத்தின் முன் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, உங்கள் தாயை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். யாரையும் குத்தாமல், யாரையும் வெட்டாமல், கீழே வைத்த கத்தி ஒரு அரசாங்கத்தையே திணறடித்தது. வைக்க மறுத்தாலும் அடி, வைத்தாலும் அடி என்று சில ஊர்களில் பிறகும் நடந்தது. ஆனால் கத்தி யாருக்குச் சொந்தம் என்பது அன்றைக்குத் தெளிவாகிவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு வரும். “சோத்துக்கு வழியில்லாதவன் எப்படிய்யா கீழே வைப்பான்?” நியாயமான கேள்வி. வைக்கிற உரிமை வயிற்றில் நிற்கிறது. கால் காணி நிலம் இருந்தால், வேறு வேலை இருந்தால், பிள்ளை படித்திருந்தால்தான் ‘மாட்டேன்’ என்ற சொல் வாயில் வரும். 1892இல் கொடுத்த பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்பதும், கண்மாய் மீன்பாசி ஏலத்தில் நம் தெருவும் கை தூக்குவதும் அதனால்தான் முக்கியமாகின்றன. இவற்றை விட்டுவிட்டுக் கண்ணியம் பேசினால் அது இரும்பில் செய்த நகை மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. “நிலமும் கூலியும் பேச வேண்டிய நேரத்தில் அழகான கத்தி ஒரு கேடா?” இதை நம் ஆட்களே கேட்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல கருவி உழைக்கிறவனுக்கு ஆடம்பரம் அல்ல. மொண்ணைக் கத்திதான் கையை அறுக்கும். பிடி கைக்குப் பொருந்தவில்லை என்றால் மணிக்கட்டு வீங்கும். கைக்கு அளவாகக் கருவி வேண்டும் என்று கேட்பது, என் கை ஒரு கூலிக்கை மட்டுமல்ல, அதற்கென்று ஒரு அளவு இருக்கிறது, இது இன்னொரு கை மாதிரி இல்லை என்று சொல்வது. எங்களைக் கூட்டமாகவே எண்ணிப் பழகியவர்களுக்கு அந்தத் தனித்தனி அளவுதான் எரிச்சல். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர் மாதக்கணக்கில் காத்திருந்து அடைகிற சந்தோஷம், சந்தையில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணுக்கும் அடுத்த தெருப் பட்டறையில் கிடைக்க வேண்டும். அவள் கேட்டால், ஆசாரி அவள் கையைத் தொட்டு அளவு எடுக்க வேண்டும். செய்ததைக் கையில் கொடுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரவேண்டும்.

அவள் மகள் அந்தக் கத்தியைத் தொடாமலே வேறு வேலைக்குப் போகலாம். போனால் போகட்டும். அப்போதும் அம்மாவின் கத்தியை அவள் மறைக்க வேண்டியதில்லை. அடுக்களைச் சுவரில் மாட்டி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விரால் வாங்கிவந்து, ஆசைக்கு எடுத்து அறுக்கலாம்.